முட்டுச்சந்துக்கு வந்த காளை

ஆனையூரில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. கடைசியில் ஒரு காலி மனை, அதற்கப்பால் உயரமான மதில். மனையை ஒட்டிய வீடு எங்களுடையது. குடிவந்து சில வருடங்கள் ஆகியும் அந்தத் தெருவில் எனக்கு யாரையும் தெரியாது. காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுப்பேன், மாலையில் உள்ளே ஏற்றிக் கேட்டைச் சாத்துவேன். எதிரே யாராவது வந்தால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே ஒரு தலையசைப்பு. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் காலை. பொங்கல் விடுமுறை முடிந்து என் கணவர் விடியலிலேயே கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டார். வாசல் தெளிக்க வாளியோடு கேட்டைத் திறந்தேன். காலி மனையில் ஒரு காளை நின்றுகொண்டிருந்தது.

நல்ல கறுப்பு. திமிலில் மஞ்சள் பூசிய தடம், கொம்புகளில் பச்சை பெயின்ட். மூக்கில் கயிறு இல்லை. வாடிவாசலில் அவிழ்த்துவிட்டவர்கள் அறுத்திருப்பார்கள். டிவியில் எத்தனையோ காளைகளைப் பார்த்தவள்தான் நான். ஆனால் அது மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. மூச்சுக்கு மூச்சு விலா ஏறி இறங்கியது. பயம் என்று சொல்ல மாட்டேன். சன்னதியில் திரை விலகும்போது பேச்சு தானாக நின்றுபோகுமே, அப்படி நின்றேன்.

தெருநாய்கள் அதைப் பார்த்துவிட்டுக் குரைக்க ஆரம்பித்தன. காளை சட்டென்று திரும்பி முன்னங்காலால் மண்ணைப் பறித்தது.

"அசையாதீங்க. வாளிய மெதுவா கீழ வைங்க."

எதிர்வீட்டுப் பேராசிரியை. தினமும் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் காலேஜுக்குப் போகிறவர், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக் கேட்டில் நின்றார்.

"எங்களுக்கு எழுமலைப் பக்கம். வீட்ல ரெண்டு மாடு வாடிக்குப் போகும். இது வழி தெரியாம ராத்திரி பூரா ஓடியிருக்கு. முதல்ல இந்த நாய்கள யாராச்சும் கூட்டிட்டுப் போகணும்."

முனைவீட்டுப் பெரியவர் லுங்கியோடு வந்தார். அந்த நாய்களுக்குத் தினமும் சோறு வைப்பதற்காகத் தெருவில் பாதிப் பேரிடம் திட்டு வாங்குகிறவர். நாக்கால் 'ச்சொ' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அத்தனை நாய்களும் குரைப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் போயின. அவற்றைத் தன் வீட்டுக் கேட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்குள் வீட்டுக்கு வீடு கேட்டுகள் திறந்திருந்தன. துணி ஊறவைக்கும் என் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, ஒட்டடைக் கம்பால் காளையின் பக்கம் மெல்லத் தள்ளினோம். மோந்து பார்த்தது. பிறகு தலையை இறக்கியது. அது குடித்ததைப் போல யாரும் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. கழுத்து வழியே தண்ணீர் இறங்குவது தெரிந்தது. என் குழாயில் வேகம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தன் ஹோஸைப் போட்டார். அது எட்டாமல் அடுத்த வீட்டு ஹோஸும் வந்து சேர்ந்தது.

காலை பூஜையை முடித்துத் திரும்பிய கோயில் குருக்கள், தெரு முனையில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "உள்ள காளை நிக்கறது. ஹாரன் அடிக்காதேள்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்டுக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண் ஒருவர் அந்தத் தெருவில் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்கிட்ட எம்புட்டு குரூப்பு இருக்கு தெரியுமாக்கா? பாலமேடு, வாடிப்பட்டி எல்லா ஊருக்கும் சேலை போகுது" என்றவர், காளையைப் படமெடுத்துப் போட்டுவிட்டார். காபி குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் அழுதது.

"எங்க மாடுதாங்க்கா! கட்டிராதீக, மெரண்டுரும். இந்தா வாரோம்."

காத்திருந்தோம். சத்தம் போடக்கூடாது என்பதால் எல்லோரும் காதோடு காதாகத்தான் பேச வேண்டியிருந்தது. அதற்கு நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. குருக்கள் வீட்டம்மா ஒரு தூக்கில் புளியோதரை கொண்டுவந்தார். முனைவீட்டுப் பெரியவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில் என்பதெல்லாம் அங்கே, எங்கள் வீட்டு மதில் நிழலில்தான் தெரிந்தது. "ராத்திரில நாய்களப் பாக்க இந்தப் பக்கம் வரும்போது உங்க வீட்ல இருமல் சத்தம் கேக்குமே, இப்பத் தேவலையா?" என்று அவர் என்னைக் கேட்டார். என் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

வெயில் ஏறியபின் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து தெரு முனையில் நின்றது. என் வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். தூங்காத கண், கலைந்த கொண்டை. அவள் தம்பி கயிற்றோடு பின்னாலேயே நின்றுகொள்ள, தெரு நடுவே தனியாக நடந்து வந்தாள்.

"ஏஞ்சாமி... எங்கடா போன? ஊரூரா ஒன்னயத் தேடுறேன்டா."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். காளையின் காதுகள் அசைந்தன. காலையிலிருந்து எங்கள் யாரையும் பக்கத்தில் விடாத அவ்வளவு பெரிய உடம்பு, கன்றுபோலத் துள்ளி வந்து அவள் கையை நக்கியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேராசிரியை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காளையை வண்டியில் ஏற்றியபின் அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வீட்ல தண்ணி வச்சீக?"

"எல்லா வீட்லயுந்தான்" என்றார் பேராசிரியை.

"அம்புட்டுப் பேரும் சொந்தக்காரவுகளா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இல்லம்மா, இன்னைக்குத்தான் பேசிக்கிறோம்" என்று குருக்கள் சொன்னதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நம்பவில்லை.

வண்டி போனபிறகும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அழைப்பின்பேரில், தெருவே ஒரு வேன் பிடித்து அவள் ஊருக்குப் போனது. கறிச்சோறு ஒரு பந்தி, குருக்கள் வீட்டாருக்கு இளநீரும் பழமும் தனியாக. தொழுவத்தில் காளை பருத்திவிதை தின்றுகொண்டிருந்தது. நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். அது ஒருமுறை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. யார் நீங்கள் என்பதுபோல ஒரு பார்வை. திரும்பவும் தீனியில் முகத்தை வைத்துக்கொண்டது.

"மறந்துருச்சு பாருங்க" என்றார் முனைவீட்டுப் பெரியவர். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். திரும்பும் வழியெல்லாம் வேனில் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தோம்.