ஃபைபர் மாஸ்டர் வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆள், இன்னோர் ஆளைப் பார்த்து, தன் சிநேகிதன் அவனோடு ஒட்டிக்கொண்டானே என்று வயிறெரிவது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமில்லை. எனக்கு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

நானும் அந்தச் சிநேகிதனும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அவன் எலக்ட்ரிகல். நான் வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிற பிரிவு. ஓய்வுபெற்றதும் அவனுக்குக் கார் பைத்தியம் பிடித்தது. ஃபைபரில் செய்த கார் உடம்பைத் தனியாக விற்கிறார்கள். அதை வாங்கி, பழைய காரின் எஞ்சினைப் போட்டு நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிட் கார் என்று பெயர். இரண்டு பேர் உட்காரலாம், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள். திருவெள்ளறைப் பக்கம் அவன் மச்சானின் தோப்பில் ஓட்டலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக இரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் தென்னூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டு ஷெட்டுக்குப் போனேன். அவன் திருகுவான், நான் பிடித்துக்கொள்வேன். பேச்சே பெரிதாக இருக்காது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

சனியன் எஞ்சின் வழியாக வந்தது. கம்பெனிக்காரன் சொன்னதைவிடப் பெரிய எஞ்சினை இவன் வைத்துவிட்டான். கார் உடம்போடு வந்த எஞ்சின் மூடி மூடவில்லை, நான்கு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. புதிதாக ஒரு மூடி செய்ய வேண்டும். நான் செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பாலக்கரையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்துவிட்டான். தண்ணீர்த் தொட்டி மூடி, கடை போர்டு எல்லாம் ஃபைபரில் செய்கிறவர்.

முதல் நாளே மாஸ்டர் ஆகிவிட்டார். "மாஸ்டர், நீங்க நிழல்ல உக்காருங்க. டேய், அந்த பக்கெட்ட எடுத்துட்டு வா." டேய் என்றது என்னை. நான் இரண்டு வருஷமாக உட்கார்ந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். டீ முதலில் அவருக்குப் போயிற்று. வாரத்தின் நடுவில் போன் செய்தாலும் மாஸ்டர் இப்படிச் சொன்னார், மாஸ்டர் அப்படிச் சொன்னார் என்றான். நான் போனை வைத்துவிடுவேன்.

"என்ன, சக்களத்தி வந்துட்டாளா?" என்று என் மனைவி சிரித்தாள். நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மனிதர் நல்ல வேலைக்காரர், அதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் மேல் தெர்மாகோலை அடுக்கி, சீவி, மேலே பட்டி பூசி, மூடியின் வடிவத்தை அப்படியே கொண்டுவந்தார். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கையை வைத்தால் வழுக்குகிற அளவுக்கு ஆக்கினார். அந்த மாதிரியின் மேல் ஃபைபரில் ஓர் அச்சு எடுத்து, அச்சுக்குள் மூடியை வார்ப்பது என்று திட்டம். அப்போதுதான் மூடியின் வெளிப்பக்கம் பளபளக்கும். மூன்று மாதம் ஆயிற்று. எனக்கு மூன்று வருஷமாகத் தெரிந்தது.

அச்சு எடுக்கிற ஞாயிறு. அச்சு ஒட்டாமலிருக்க அவர் மாதிரிக்கு மெழுகு பூச ஆரம்பித்தபோதே நான் பார்த்துவிட்டேன். கார் உடம்போடு பொருந்தட்டும் என்று மாதிரியின் இரண்டு பக்கமும் அடியில் உள்வாங்கியிருந்தது, குடம் வயிற்றுக்குக் கீழே ஒடுங்குவதுபோல. இதன்மேல் ஒரே ஓடாக அச்சு எடுத்தால் இறுகியபின் கழலாது. இரண்டு பாதியாக எடுத்து நடுவில் போல்ட் போட வேண்டும். எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. சொல்ல ஒரு வரி போதும்.

சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்லலாம். மாஸ்டருக்குத் தெரியாததா? அவன் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "என்னடா, சரியா இருக்குல்ல?" என்றான். கேட்டேவிட்டான். நான், "அவரு பாத்துக்குவாரு" என்றேன். கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பசையைப் பூசி, அடுக்கடுக்காக மூவரும் சேர்ந்துதான் போட்டோம். வெயிலில் அது சீக்கிரமே சூடேறி இறுகியது. கையுறையோடு நானும் தடவினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அச்சைக் கழற்ற உட்கார்ந்தார்கள். மர ஆப்பு அடித்தார்கள். தண்ணீர் விட்டார்கள். மூலைக்கு மூலை தட்டினார்கள். அசையவில்லை. கடைசியில் அவன் கடப்பாரையைச் செருகி எம்பினான். அச்சு குறுக்கே பிளந்தது. உள்ளே மாதிரி நொறுங்கித் தெர்மாகோல் உருண்டைகள் ஷெட் முழுக்கப் பறந்தன.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தொட்டி மூடியும் போர்டுமா செஞ்சு செஞ்சு, மேல தூக்கினா எல்லாம் வந்துரும்னே பழகிட்டேன் சார். அடியில உள்வாங்கி இருக்கத யோசிக்கவே இல்ல. மூணு மாசத்த பாழாக்கிட்டேன். இனிமே என்னை யாரு நம்பி வேலை குடுப்பா?"

இந்த நிமிஷத்துக்காகத்தான் ஒரு வாரம் காத்திருந்தேன். அவன் அவரைத் திட்டுவான், அதன்பிறகு என்னிடம் வருவான் என்று. அவன் அவர் பக்கத்தில் குந்தி என்னைக் காட்டினான்.

"விடுங்க மாஸ்டர். இவன் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இந்த வேலையத்தான் பாத்தான். ஃபேக்டரியில இவன விட்டா ஆள் கிடையாது. அன்னிக்கு இங்கதானே நின்னுட்டிருந்தான்? இவன் கண்ணுக்கே படலன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முன்னால் அவன் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று மூன்று மாதம் ஏங்கியிருந்தேன். கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது.

"எனக்குத் தெரியும்டா" என்றேன். "மெழுகு பூசறப்பவே பாத்துட்டேன். வேணும்னுதான் சொல்லல."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். எழுந்து வந்து என் தோளில் கைபோட்டான்.

"பாத்தீங்களா மாஸ்டர்? பழி உங்க மேல விழக்கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கறான். இவன் எப்பவுமே இப்படித்தான்."

மாஸ்டர் கண் கலங்க என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.