டிவியில் தெரியாத நாற்றம்

திண்டுக்கல்லில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் நான் செய்தி வாசிக்கிறேன். வாசிப்பது மட்டும்தான் வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செய்தி எழுதுவது, திருத்துவது, ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது எல்லாம் நானேதான். முதலாளி ஒருவர், கேமராமேன் ஒருவர், நான். கேமராவும் ஒன்றே ஒன்றுதான். முகூர்த்த நாள் வந்தால் அது கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிடும், ஏனென்றால் எங்களுக்குச் சோறு போடுவது செய்தியல்ல, கல்யாணம்.

அதனால் முகூர்த்த நாட்களில் பழைய காட்சிகளை வைத்து ஓட்டுவோம். மழை என்றால் போன வருட மழை, மறியல் என்றால் அதற்கும் முந்தைய மறியல். கறுப்புக் குடை பிடித்த ஒரு மனிதர் எங்கள் சேனலில் எத்தனையோ மழைக்காலமாக அதே பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டிருக்கிறார். பஸ் இன்னும் வரவில்லையா என்று ஒருவரும் கேட்டதில்லை.

வைகாசியில் அப்படி ஒரு முகூர்த்த நாள். கேமரா வத்தலக்குண்டில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தது. காந்திகிராமம் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கிறதாம், அவள் மகள் வாந்தியெடுத்துத் துவண்டு கிடக்கிறாளாம். பஞ்சாயத்தில் சொல்லியாயிற்று, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "நீங்களாச்சும் டிவில போடுங்க பாப்பா" என்றாள்.

பஸ் பிடித்துப் போனேன். அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் திறப்பார்கள், அன்றைக்குத் திறந்து மூடிவிட்டார்கள். குடத்தில் பிடித்து வைத்ததைக் காட்டினார்கள். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், குடலைப் புரட்டியது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சுருண்டு படுத்திருந்தார்கள். பெண்கள் பேசியதை என் செல்போனில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏம்மா, தண்ணி பளிச்சுனுல்ல இருக்கு. நாத்தம் டிவில தெரியாதே" என்றார். நான் சேலை மாற்றப் போன நேரத்தில் அவர் தன் பொக்கிஷத்தைக் கிளறியிருக்கிறார். ஏழு மணிச் செய்தியில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே இருந்த திரையில் ஒரு குழாய் தார் மாதிரிக் கறுப்பாகக் கொட்டியது. எந்த ஊர்க் குழாயோ, எந்தக் காலத்துத் தண்ணீரோ! வாசித்து முடித்ததும் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். விஷயம் உண்மைதானே, படத்தில் என்ன இருக்கிறது என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சில நாளில் நோட்டீஸ் வந்தது. பொய்ச் செய்திகளைத் தடுக்க அரசு புதிதாகப் போட்டிருந்த குழுவிடமிருந்து.

அந்தக் குழுவைப் போட்டபோது அதிகம் துள்ளிக் குதித்தவர்கள் நாங்கள்தான். எங்கள் கேமராமேன் பாயின் அண்ணன் டவுனில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். எங்கேயோ எடுத்த அழுகிய கறியின் படத்தைக் காட்டி, இது அந்தக் கடைக் கறி என்று வேறொரு சேனல் ஒளிபரப்பியது. சாயங்காலத்துக்குள் கடை வெறிச்சோடியது. பொய் என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் போன கூட்டம் திரும்பவில்லை. கடையை மூடிவிட்டார்கள். அதனால் குழு வந்த அன்று பாய் ஆபீசுக்கு ஜிலேபி வாங்கிவந்தார், நானும் ரெண்டு தின்றேன். இப்போது அதே குழு எங்கள் கழுத்தில் கை வைத்திருந்தது.

நோட்டீஸ் சொன்னது இதுதான். அந்த ஊரில் கறுப்புத் தண்ணீர் எதுவும் வரவில்லை, பரிசோதனையில் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆகவே செய்தி பொய். அன்று மாலை ஏழு மணிக்கே, பொய் என்று நாங்களே மறுப்பு வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளிபரப்பு நிறுத்தப்படும்.

நானும் முதலாளியும் நோட்டீசில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரியைப் பார்க்க ஓடினோம். எந்தத் தண்ணீரைப் பரிசோதித்தீர்கள் என்று கேட்டேன். தொட்டித் தண்ணீரை என்றார். தெருக் குழாயில் யாராவது பிடித்துப் பார்த்தீர்களா என்றேன். அவர் கோபப்படவில்லை, தன் செல்போனில் எங்கள் செய்தியை ஓடவிட்டுத் திருப்பிக் காட்டினார். கறுப்பாகக் கொட்டும் அந்தக் குழாய் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார். அது எந்த ஊர்க் குழாய் என்று எனக்கே தெரியாது. அந்த எரிச்சல் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பொய்க்காரியாக நின்றேன்.

திரும்பி வந்ததும் ஆபீசில் ஒரே ரகளை. மறுப்பை வாசித்துத் தொலைத்துவிடலாம் என்றார் முதலாளி, சேனல் போனால் மூன்று பேருமே நடுத்தெருவில்தான். நான் எகிறினேன். எது பொய் என்று சொல்லும் உரிமையை மொத்தமாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டால், நாளைக்கு வெயிலடிக்கிறது என்று சொல்வதற்கும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும் என்றேன். நல்ல தண்ணீர் என்று நான் வாசித்தால் அந்தப் பெண் அதையே மகளுக்கு ஊற்றிக் கொடுப்பாளே, அதற்கு யார் பொறுப்பு என்றும் கத்தினேன்.

மூலையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த பாய் துணியைக் கீழே வைத்தார்.

"அக்கா, எங்க அண்ணன் கடைக்கு அவங்க என்ன பண்ணாங்களோ, அதைத்தான் நாமளும் பண்ணிருக்கோம்" என்றார். "படம் பொய்னு மொதல்ல சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் தண்ணியப் பத்தி என்ன வேணா பேசுங்க. நாளைக்கு அங்க தண்ணி தொறக்குற நாளு. நான் கேமராவத் தூக்கிட்டு வாரேன்."

மறுநாளும் முகூர்த்தம்! பாய் தன் மச்சானுக்கு ஓர் இரவல் கேமராவை ஏற்பாடு செய்து கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஏழு மணிக்கு முதலாளி எழுதிக்கொடுத்த மறுப்பு என் முன்னால் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. குழாயில் கறுப்பாகத் தண்ணீர் கொட்டிய காட்சி அந்த ஊரில் எடுத்ததல்ல, அதைக் காட்டியது தவறு, வருந்துகிறோம் என்றேன். தண்ணீர் நாறுகிறது என்ற செய்தியைத் திரும்பப் பெறவில்லை என்றேன். நாளைக் காலை அந்தத் தெருவில் குழாய் திறக்கும்போது எங்கள் கேமரா நேரலையில் இருக்கும், அதிகாரிகளும் வரலாம் என்று அழைப்பும் வைத்தேன். ஒளிபரப்பை நிறுத்தும் சுவிட்சின் மேல் முதலாளி கை வைத்திருந்தார், ஆனால் அழுத்தவில்லை. எனக்குக் காதுக்குள் மேளம் அடித்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

காலையில் தெருவே குழாயடியில் திரண்டிருந்தது. போன் செய்த பெண் குடத்தோடு முன்னால் நின்றாள், மகள் வீட்டுக்குள் படுத்திருந்தாள். அதிகாரி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டார். ஜீப்பைப் பார்த்ததும் எனக்கு மைக் வழுக்கியது. பாய் நேரலையைப் போட்டார்.

குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது.

காதில் மாட்டியிருந்த போனில் முதலாளி, போச்சும்மா, எல்லாம் போச்சு என்று முனகினார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தண்ணீர்தான். நானே அந்த மறுப்பை வாசித்த கணக்காகிவிட்டது.

அந்தப் பெண் குழாயில் ஒரு டம்ளரைப் பிடித்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"குடிங்க சார். நல்ல தண்ணினு நீங்கதான எழுதியிருக்கீங்க."

அவரும் வாங்கிக்கொண்டார். பாய் ஒரு முழங்கால் போட்டு உட்கார்ந்து அவர் முகத்துக்கு நெருக்கமாக லென்சைத் திருப்பினார். டம்ளர் மேலே போனது. உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது. மூக்கு சுருங்கியது, கண்ணில் நீர் கோத்தது, தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. மறுபடியும் உதட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். பாவம், முடியவில்லை.

அவர் கை உயர்ந்தது. கேமராவை மறைக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் குழாய்க்காரரைப் பார்த்துக் கையாட்டினார்.

"மூடுங்க. இன்னைக்கே லாரித் தண்ணி வரணும்" என்றார்.

தெருவைத் தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் போன குழாய் விரிசல் விட்டிருந்தது. சேனல் பிழைத்தது. மறுப்பு வாசிக்கச் சொன்ன உத்தரவை ரத்து செய்தார்கள், பொய்ப் படம் போட்டதற்கான எச்சரிக்கையை மட்டும் ரத்து செய்யவில்லை. அது சரிதான் என்றார் பாய். எனக்கும் அதில் வருத்தமில்லை. எது பொய் என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை என்பதில் மட்டும் நானும் அவரும் இன்னும் டீக்கு டீ சண்டை போடுகிறோம்.

நேரலை நடந்த அன்று மாலைச் செய்தி முடிந்ததும் போன் அடித்தது. பாலசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி.

"ஏனுங்க, காலையில அந்த ஆபீசரு மூஞ்சியப் பாத்தனுங்க. எங்கூட்டு வரைக்கும் நாறிப்போச்சுங்க" என்றார்.

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று போனை முதலாளியின் காதில் வைத்தேன்.