அடுத்த பக்கத்தில் இருந்த தீர்ப்பு

நான்கு வருடங்களுக்கு முன்பு, நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு வரும் பஸ்ஸில் நடந்தது இது. அப்போது நான் சட்டக் கல்லூரி மாணவி. நாங்கள் எட்டு மாணவர்கள் சேர்ந்து, ஆசிரியர் துணை இல்லாமல், ஒரு சட்ட இதழ் தொடங்கியிருந்தோம். முதல் இதழ் அச்சுக்குப் போக இரண்டே நாள் பாக்கி.

கட்டுரை தேர்ந்தெடுப்பது, திருத்துவது எல்லாம் மற்றவர்களுக்கு. யாருக்கும் வேண்டாத அடிக்குறிப்பு சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் இதழில் ஒரு விதி உண்டு. கட்டுரையில் காட்டிய தீர்ப்பை மூலப் புத்தகத்தில் கண்ணால் பார்த்தவர் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி.

முதல் கட்டுரை ஒரு மூத்த வழக்கறிஞருடையது. இதழை வெளியிடப் போகிறவரும் அவரே. அம்பூரி மாதிரி மலைப்பக்கங்களில், ரப்பர் தோட்டத்துக்குள் ஜனங்கள் காலங்காலமாக நடக்கும் வழியைத் தோட்டக்காரர் அடைக்கலாமா என்பதுதான் விஷயம். அடைக்கலாம் என்று சொல்லி, ஒரு பழைய தீர்ப்பிலிருந்து நாலு வரியை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். கோர்ட் வளாகத்து நூலகத்தில் அந்தத் தடித்த தொகுதியைத் தேடிப் பிடித்தேன். நாலு வரியும் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். தீர்ப்பு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அமரவிளை தாண்டியதும் பஸ் மக்கர் செய்து நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. பொழுது போகாமல் ஜெராக்ஸை எடுத்து வாசித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்த நாலு வரி நீதிபதி சொன்னதே இல்லை! தோட்டக்காரரின் வக்கீல் வாதாடியதை நீதிபதி முதலில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதை ஏற்க முடியாது, வழியைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தார். தோற்றுப்போன வாதத்தைத் தீர்ப்பு என்று எழுதியிருந்தார் பெரியவர். நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

இதழுக்கு ஆசிரியராக இருந்தவர், தனுவச்சபுரத்திலிருந்து வரும் இறுதியாண்டு அக்கா. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மக்கா, அவருகிட்ட போயி தப்புண்ணு எப்பிடிச் சொல்ல? கோவத்துல கட்டுரையத் திருப்பி வாங்கிட்டாருண்ணா இதழே இல்லியாக்கும். எனக்குப் பேடியா இருக்கு."

எனக்கும் பயம்தான். ஆனால் எங்கள் இதழைக் காட்டி எவனாவது ஒரு வழியை அடைத்துவிட்டால்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எதன் வழியாகப் போகும்? அக்காவை இழுத்துக்கொண்டு போகாத குறைதான்.

அவருடைய அலுவலகத்தில் ஜெராக்ஸை நீட்டி, அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். முகம் சிவந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கியது இன்றைக்கும் வலிக்கிறது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜூனியரா இருந்தப்ப எழுதி வச்ச நோட்டுல இருந்து எடுத்ததாக்கும். கோர்ட்டுலயும் இத வாசிச்சிருக்கேன். எதிர் வக்கீல் ஒருத்தரும் அடுத்த பக்கம் மறிச்சுப் பாக்கல்ல. நீ பாத்துட்டியே, மக்கா!"

அங்கேயே பேனாவை எடுத்து அந்தப் பகுதியை அடித்துவிட்டு, வழியை அடைக்கக் கூடாது என்று மாற்றி எழுதினார். கீழே புதிதாக ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். இந்தத் தீர்ப்பை இத்தனை காலம் தவறாகப் படித்திருந்தேன், திருத்தியவர் இந்த இதழின் மாணவி என்று. விதிப்படி அந்த அடிக்குறிப்பையும் நானேதான் சரிபார்த்தேன்! டிக் போட்டு, பக்கம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்திட்டேன்.

வெளியீட்டு விழாவில் அதை அவரே உரக்க வாசித்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வருடம் அடிக்குறிப்பு வேலைக்கு அடிபிடியே நடந்தது.

இன்று அதே கோர்ட்டில் நானும் கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிறேன். எத்தனை வழக்கு ஜெயித்தாலும், முதலில் தப்புக்கு டிக் போட்டவள் நான்தான், பஸ் நின்றதால் பிழைத்தவள் என்பதை மறக்காமல், வாயைத் திறக்கும் முன் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.