சர்வர் நின்று நின்று போன நாட்களில் ஆண்டவர் காட்டிய பழுது

சபையில் இருக்கும் எல்லோருக்கும் என் அன்பு. இந்த இடத்தில் நின்று பேச பலமுறை நினைத்து, பலமுறை பின்வாங்கியிருக்கிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லவேண்டுமானால், நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லில்லி புஷ்பம். ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து கரமனையில் இருக்கிறோம். நகரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

போன வருஷம் எடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாத மழை, தொடங்கிய வாரத்தில் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. கீழே லேபில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அது மேலே என் அறையில் இருக்கிற சர்வருக்கு வந்து, அங்கிருந்து வார்டு, டயாலிசிஸ் பகுதி எல்லா இடத்துத் திரையிலும் தெரியும். ஒரு நாள் காலையில் திடீரென்று எல்லாத் திரையும் நின்றுபோனது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் தானாகவே வந்துவிட்டது. மறுநாள் இருபது நிமிஷம் போனது. அதற்கடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் மூன்று தடவை.

ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற பழுதுதான் ஆளைக் கொல்லும். வயரை மாற்றினேன். சுவிட்ச் பெட்டியை மாற்றினேன். சர்வரின் நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். சர்வர் இருக்கிறாயா என்று கேட்டு பிங் அடித்தால், இருக்கிறேன் என்று ஒழுங்காகப் பதில் வரும். ஆனால் சாஃப்ட்வேர் திறக்காது. வெளியிலிருந்து இன்ஜினியரை வரவழைத்தால், அவர் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் எல்லாம் சமர்த்தாக ஓடியது. அவர் லிஃப்டில் இறங்கியதும் போனது.

வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டதா அக்கா என்று மலையாளத்தில் கேட்பார்கள்: "சரியாயோ சேச்சி?" அந்தக் கேள்விக்குப் பயந்து நான் பின்பக்கப் படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் மேனேஜர் அனில் சார் கூப்பிட்டார். "லில்லி, இனியும் தெரியலைன்னு சொல்லாதீங்க. எனக்கு ஒரு காரணம் வேணும்." நானும் ஒரு காரணத்தைத் தேடினேன். வராந்தா கேமராவில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். சர்வர் போன நேரங்களில் பாதிக்கு மேல், என் அறை இருக்கிற மாடியில் பேச்சியம்மா துடைப்பத்தோடு நடந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மா எங்கள் துப்புரவுப் பணியாளர். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். சர்வர் அறையையும் அவள்தான் பெருக்குவாள். பெருக்கும்போது வயரை இழுத்துவிடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

மேனேஜர் அறையில், லேப் ஆட்கள் நான்கு பேரும் பேச்சியம்மாவும் நிற்க, நான் அதைச் சொன்னேன். பேச்சியம்மா என்னைப் பார்த்து, "மேடம், அது வந்து..." என்று தொடங்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் சர்வர் நன்றாக ஓடியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் போனது.

அன்பானவர்களே, இதைத்தான் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பேச்சியம்மா மேல் தப்பில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. "இது வேற பிரச்சினை சார்" என்று சொல்லிச் சமாளித்தேன். பத்து நாள் அப்படியே இருந்தேன். அந்தப் பத்து நாளும் வீட்டில் ஜெபம் செய்தேன். ஆனால் ஜெபத்தில் அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. டயாலிசிஸ் பகுதியில் ஒரு பெரியவர். அவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்கு ஏறியிருந்தது. லேபில் முடிவு ஏற்றிவிட்டார்கள். மேலே திரையில் வரவில்லை. சிஜி என்ற நர்ஸ் மனசு கேட்காமல் இரண்டு மாடி இறங்கி ஓடி, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் பிழைத்தார். சிஜி பிறகு என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருப்பாரு சேச்சி" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

நான் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். தரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. பழுது எங்கே இருக்கிறது என்று நீரே காட்டும்" என்று அழுதேன்.

ஒரு வயரோ, ஒரு பெட்டியோ என் மனசில் தெரியும் என்று எதிர்பார்த்தேன். பேச்சியம்மாவின் முகம்தான் வந்தது. அது வேண்டாம் என்று மறுபடி ஜெபித்தேன். மறுபடியும் அவள் முகம். அவளிடம் போகாமல் எழுந்து வேறு எதைத் தொட்டாலும் பிரயோஜனமில்லை என்று எனக்குள் உறுதியாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் விலாசம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, மழையில் ஆரியசாலைக்கு நடந்தேன். ஒரு வெங்காய மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பேச்சியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "வாங்க மேடம்" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"அக்கா, உங்க மேல தப்பில்ல. நான் பொய்யா சொல்லிட்டேன். அது எனக்குத் தெரிஞ்ச பிறகும் சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"இங்க வந்து சொல்லுதீங்க. அங்க எல்லாரு முன்னாடியும்லா என்னைச் சொன்னீங்க" என்றாள்.

"அங்கயும் சொல்றேன்."

"அன்னைக்கே நான் சொல்ல வந்தேன் மேடம். நீங்க கையைக் காட்டிட்டீங்க. மாடிக் கடைசில பூட்டிக் கெடந்த ரூம் இருக்குல்லா, கை கால் பயிற்சி குடுக்கிற ரூம்? இப்பப் புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கு. யாராவது நோயாளி வந்தாத்தான் அந்த ரூமைத் திறப்பாங்க. நான்தான் பெருக்கி, சுவிட்சப் போட்டுக் குடுப்பேன். சுவிட்சப் போட்டதும் அலமாரி மேல ஒரு பெட்டில பச்சை லைட்டு மினுங்கும். கொஞ்ச நேரத்துல கீழ லேப்ல பிள்ளைக 'போச்சு போச்சு'ன்னு சத்தம் போடும். ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த அறையைத் திறந்தேன். அலமாரி மேலே ஒரு பழைய வைஃபை பெட்டி. எப்போதோ நானே வைத்தது. பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். அதில் என் கையெழுத்தில் ஒரு ஐ.பி. முகவரி. அது சர்வரின் முகவரியேதான்.

புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே கொடுப்பார், ஒரு நாள் அங்கே கொடுப்பார். அதுதான் நடந்தது. அந்த அறை சுவிட்ச் அணைத்துப் பூட்டிக் கிடந்த காலத்தில் புது சர்வர் வந்தது. முகவரிகளை எழுதிவைத்த பழைய நோட்டைப் பார்க்காமல், பிங் அடித்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, காலியாகத்தான் இருக்கும் என்று நான் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். பிங் அடித்தபோது "இருக்கிறேன்" என்று சொன்னதும் பல நேரம் அந்தப் பெட்டிதான். இப்படி ஒரே எண்ணில் இரண்டு மோதினால் எங்கள் சர்வர் தானாக எச்சரிப்பதும் இல்லை. பெட்டியின் வயரைக் கழற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை சர்வர் ஒரு நிமிஷம்கூட அப்படிப் போகவில்லை.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அனில் சார் அறைக்குப் போனேன். லேபிலிருந்து அதே நான்கு பேரையும் கூப்பிடச் சொன்னேன். "தப்பு என்னுடையது. பேச்சியம்மா சொல்ல வந்ததை நான் சொல்லவிடவில்லை. அவர் நிரபராதி என்று தெரிந்தும் பத்து நாள் மறைத்தேன்" என்றேன். அனில் சார் வெகுநேரம் ஸ்டிக்கரையே பார்த்தார். "இதை எழுதிக் கொடுங்க லில்லி" என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

பேச்சியம்மாவைத் திரும்ப அழைத்தார்கள். அவள் உடனே வரவில்லை. ஒரு வாரம் யோசித்துத்தான் வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். அது அவள் உரிமை. ஆனால் இப்போது ஏதாவது பழுது என்றால், நான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்த மாடியில் நடமாடுகிறவர்களிடம், "இங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறேன்.

பேச்சியம்மா நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அவள் கும்பிடுவது அவள் ஊர் அம்மனை. என் ஆண்டவர் எனக்கான பதிலை அவள் வாயில் வைத்திருந்தார். நான் அன்றைக்கே அவளைப் பேசவிட்டிருந்தால் அந்தப் பெரியவர் உயிருக்குப் போராடியிருக்க வேண்டியதில்லை. அதை நினைக்காமல் என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடிவதில்லை. அப்படியும் அவர் என்னைக் கைவிடவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி.

உங்களில் யாராவது ஒரு காரியத்துக்காகப் பல நாளாக ஜெபித்துப் பதில் வராமல் சோர்ந்திருந்தால், ஜெபத்தில் யார் முகத்தைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். நம்பி எழுந்து அந்த ஆளிடம் போங்கள். அந்த வீட்டு வாசலுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.