கல்லுக்குக் கேட்ட துஆ

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புறப்படுவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். என் அக்கா, ராத்தாவைக் கல்யாணம் முடித்த மச்சானும் அப்படித்தான் காத்தான்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் உடுப்பு குறைவு. ஒரு பம்ப், நீல வெளிச்சம் அடிக்கும் லைட், ஒரு பூதக்கண்ணாடி. கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை.

ஹாலில் கண்ணாடித் தொட்டி எழும்பியது. கடல் தண்ணீர் வந்தது. கரைவலையில் சிக்கி ஏறிய ஓட்டைக் கல் ஒன்றும் உள்ளே போனது. மீன் மட்டும் வரவில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற வேண்டும், பிறகுதான் மீன் என்றார் மச்சான். அக்கம்பக்கத்துப் பெண்கள் மீன் பார்க்க வந்து, தண்ணீரைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். உம்மாவுக்கு மானமே போய்விட்டது.

“தண்ணிய வெச்சிப் பாக்கிறதுக்கா மகன் இவ்வளவு கரண்டு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

மச்சானின் லீவு முடியப் போகிறது. தொட்டியில் உயிர் பிடித்தால் பாசிக்குடா ஹோட்டல்களுக்கு இதேபோலக் கட்டிக்கொடுத்து ஊரிலேயே பிழைக்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பக் கட்டார்தான். ராத்தாதான் இதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ‘இருங்க’ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வாப்பாவோ மருமகனிடம் ‘சாப்பிட்டிங்களா மகன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். மருமகனைப் போகவேண்டாம் என்று மறிப்பது மாமனாருக்கு மரியாதை இல்லையாம். நல்ல மரியாதை!

கொஞ்ச நாளில் கண்ணாடியெல்லாம் மண்ணிறமாய்ப் படிந்தது. உம்மா தேய்த்துக் கழுவச் சவர்க்காரமும் தும்புமாய் வந்துவிட்டார். மச்சான் குறுக்கே நின்றுகொண்டு, “மாமி, மாமி, இது ஊத்தையில்ல, உயிர்!” என்று கெஞ்சினார். அதிலிருந்து டோர்ச் பிடிப்பது என் வேலையாயிற்று. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. “இது கூனி இறால்ட சாச்சி மகள்,” என்பார் மச்சான். நூல்போல ஒரு புழு கல்லிலிருந்து எட்டிப் பார்த்தது. போட்டோ எடுத்துக் கட்டார் கூட்டாளிக்கு அனுப்பினார். நல்ல புழுதான், குப்பை தின்னும், தொட்டால்தான் முள் ஏறும் என்று பதில் வந்தபிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு யாருடைய கண்ணூறு பட்டதோ, எல்லாம் அடங்கிப்போயிற்று. துள்ளியதும் இல்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை. மச்சான் பூதக்கண்ணாடியை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு டிக்கட் போட்டார். ராத்தா அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

அடுத்த நாள் காலை நான்தான் கண்டேன். கல்லின் மேல் மிளகளவு ஒரு பொட்டு, அதிலிருந்து மயிர்போல ஐந்து கால்கள். அது நடந்தது! “மச்சான், ஓடிவாங்க!” என்று நான் கத்தியதில் வீடே திடுக்கிட்டது.

“மாஷா அல்லாஹ், கடல் நட்சத்திரக் குஞ்சு!”

பூதக்கண்ணாடி அலுமாரியிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு விடிந்தால் ஏதாவது ஒன்று. பயறளவு கூட்டைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு. இலைத் துண்டுபோல ஊர்ந்த, பெயர் தெரியாத ஒன்று. “இவ்வளவும் இந்தக் கல்லுக்குள்ளயா ஒளிச்சிரிந்த?” என்று மச்சானே வாய் பிளந்தார். பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். டொக்டர்கள் நடக்கச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நடந்து வருவார். சாரன் முழங்கால்வரை நனைந்திருக்கும். பனி என்பார். நானும் பனி என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் கல்லில் கறுப்பாக, நத்தைபோல ஓர் ஊரி ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்த மச்சான் அப்படியே நின்றுவிட்டார்.

“இது கடல் ஊரியில்ல. ஆத்து ஊரி. ஆத்தோரச் சதுப்பில நிக்கிற கண்ணா மரத்து வேர்ல இரிக்கிறது.”

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்று ஊரி கடல் கல்லுக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். மச்சான் திரும்பி வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவைப் பார்த்தார். வாப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சாரன் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இரண்டு பேரும் நனைந்த சாரனோடு வந்தார்கள். முன்னால் வாப்பா, பின்னால் மூடி போட்ட போத்தலுடன் மச்சான். மருமகனுக்கும் சீனி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே டிக்கட் ரத்து. ராத்தா கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் அவித்தாள். சீனிக்காரர் வாப்பாவும் உம்மாவின் முறைப்பைப் பார்க்காமல் இரண்டு துண்டு சாப்பிட்டார். மச்சான் இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கோ அந்தக் கல்லின் மேல் கொள்ளை அன்பு. அதுதானே இவ்வளவையும் பெற்றுப்போட்டு எங்கள் மச்சானை மறித்து வைத்தது! டிக்கட் ரத்தான அன்று மஃரிப் தொழுதுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்று கையேந்தினேன்.

“யா அல்லாஹ், இந்தக் கல்லுக்கு நல்ல பறக்கத்தக் குடு. அதுக்கு ஒரு நோய்நொடியும் வராமப் பாத்துக்க.”

பின்னால் சாய்கதிரையில் இருந்து, ஆற்று மட்டி ஓடு கிழித்த பாதங்களுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்த வாப்பா சிரிக்கவில்லை.

“ஆமீன்,” என்றார்.