நாத்தனார் கழற்றிய கிளிப்

என் நாத்தனாருக்கு ஃபைபர் கேபிளில் ஜாயின்ட் போடும் வேலை. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கை மட்டும் அப்படியில்லை. தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடி இழையைப் பக்குவமாக வளைத்து ஒரு கிளிப்பில் மாட்டுவார். கூடுதலாக வளைத்தால் ஒடிந்துவிடும். சரியாக வளைத்தால் அந்த வளைவில் வெளிச்சம் கொஞ்சம் கசியும். அதே வழியாக உள்ளேயும் வெளிச்சத்தை அனுப்பலாம். இழையை வெட்டாமலேயே, நாலு கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் கிளிப் மாட்டி உட்கார்ந்திருப்பவரோடு ஹெட்போனில் பேசலாம். எந்த இழை எது என்று இரண்டு பேரும் பேசித்தான் சரிபார்ப்பார்கள்.

மறுமுனையில் இருந்தவர் அவருடைய தம்பி, அதாவது என் கணவர்.

மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமனாரை முதியோர் இல்லத்தில் சேர்த்தவர் என் கணவர். அங்கேயே மாமனார் போய்ச் சேர்ந்தார். "இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் நாத்தனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். கேபிளின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தால் எங்கே முகம் பார்ப்பது! இவர்களைப் போலச் சுத்தமாக வேலை முடிக்கும் ஜோடி வேறு இல்லை என்பதால் மேனேஜரும் பிரிக்கவில்லை. "நீலமா?" "நீலம்தான்." "சரி, முடிஞ்சது." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வீம்பு பிடித்த குடும்பம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன். வேலை முடிஞ்சதும் லைன்லயே கேட்டேன். அப்பா விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன், அவரை நம்ம கூடவே வச்சிருந்திருக்கணும்னு சொன்னேன். பத்து நிமிஷம் பேசினேன். அவ வாயே திறக்கல."

"ஒரு 'ம்' கூடவா இல்ல?"

"இல்ல."

பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டே மாதத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, நாத்தனார் மட்டும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"அவ்வளவு கெஞ்சினாரே அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

"எப்ப கெஞ்சினான்?"

எந்த நாள், எந்த வேலை, என்ன நடந்தது எல்லாம் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"'முடிஞ்சது'ன்னதும் கிளிப்பைக் கழட்டிட்டேன்டி. எப்பவுமே உடனே கழட்டிடுவேன். அவன் குரலை இன்னும் ரெண்டு நிமிஷம் கேட்டா அழுதுடுவேன்னு பயம்."

இந்த முனையில் கழற்றினால் அந்த முனைக்குத் தெரியாது. பத்து நிமிடமும் என் வீட்டுக்காரர் ஆளில்லாத லைனில் பேசியிருக்கிறார்.

"நான் கேட்டுட்டுதான் பேசாம இருந்தேன்னு நெனச்சுட்டே போயிட்டானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் எனக்கு அந்தப் பொய் வரவில்லை.

"ஆமா அண்ணி."

அவர் ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு."

எனக்குத் தெரிந்தது இரண்டே வரிதான். அதைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தடவை முடித்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "பரவால்லடா" என்றார்.