லேசர் மெஷினுக்கு வைத்த பொட்டு

சந்தனம், மல்லிகை, விமான எரிபொருள். மூன்றும் கலந்தால் ஒரு நெடி வரும்... தொண்ணூறுகளின் நடுவே ஒரு காலை, விமான நிலையத்தில் அந்த நெடிக்கு நடுவில் நின்று, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்றை மூன்று பேர் எடுத்தோம். புது மெஷினுக்குப் பொட்டை முகத்தில்தான் வைக்க வேண்டும். முதுகில் அல்ல.

மெஷின் என்றால், விமானம் வந்து நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரிலிருந்து நீண்ட இரும்புக் கம்பியின் நுனியில் உயரே மாட்டியிருந்த பெட்டி. அதன் கண்ணாடி வழியே லேசர் கதிர் போய், வரும் விமானத்தின் மூக்கைத் தொட்டுத் திரும்பும். இன்னும் எத்தனை மீட்டர் என்று அதற்குக் கீழே இருக்கும் பலகையில் எண்கள் இறங்கும். பைலட் அதைப் பார்த்துக்கொண்டே வந்து, 'ஸ்டாப்' என்றதும் நிற்க வேண்டும்.

அதுவரை அந்த வேலையைச் செய்தவர் ஆதம்பாக்கம் தனபால். இரண்டு கையிலும் மட்டை பிடித்து விமானத்தை அழைப்பார். கோட்டுக்கு வந்ததும் மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பார். விமானம் நிற்கும். பைலட் சல்யூட் வைப்பார், இவரும் வைப்பார்.

எங்கள் மேனேஜர் நாகராஜன் சார், மயிலாப்பூர்வாசி. மெஷினை விற்க வந்த எங்கள் கம்பெனி, தி.நகரில் ஒரு மாடி போர்ஷன்தான். நான் அங்கே புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர். அன்றைய சோதனையைப் பார்க்க வந்த விமான நிலைய அதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: தனபாலின் கை ஒரு முறை எழுந்தாலும் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் மாடி போர்ஷனும் கிடையாது.

சுவரில் சாய்த்த ஏணி குட்டை. முதுகுப்பக்கம்தான் எட்டும், அங்கேயே வைத்துவிடலாம் என்றேன்.

"முதுகுல யாராவது பொட்டு வெச்சுண்டு பாத்திருக்கியாடா?" என்றார் சார்.

"தண்ணி லாரிக்கே முன்னாடி கண்ணாடிலதான் வெக்கறாங்கோ சார். இது ஃபாரின் மெஷினு... கோச்சுக்கப் போவுது" என்றார் தனபால்.

நாகராஜன் சார் கடைசிப் படியில் நுனிக்காலில் நின்றார். அவருக்கு எட்டியது கண்ணாடியின் கீழ்ப்பகுதி மட்டும். அங்கே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். தீ கூடாது என்பதால் கற்பூரம் ஏற்றாமலே காட்டப்பட்டது. தேங்காயைச் சாக்கு விரித்து உடைத்தோம்.

மட்டைகளை ஜீப்பில் வைக்கச் சொன்னார் சார். "கை சும்மா இருந்தா பழக்கதோஷத்துல தூக்கிடுவே. இதைப் பிடிச்சுக்கோ" என்று தேங்காய் மூடிகளை தனபாலிடம் கொடுத்தார்.

விமானம் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது...

சுவருக்கு முதுகைக் காட்டி நின்ற தனபாலுக்குப் பலகை தெரியாது. பக்கவாட்டில் நின்ற எங்களுக்குத் தெரியும். இருபது. பதினைந்து. பன்னிரண்டு. அதிகாரி தலையசைத்தார்.

பத்து.

பத்து.

பத்து.

"சார், நம்பர் நின்னுடுத்து" என்றேன்.

"பிளேன் நிக்கலையேடா..."

விமானம் பலகையை நம்பி வந்துகொண்டிருந்தது. இறக்கைக்குக் கீழே இன்ஜின், பயணிகள் இறங்கும் நடைபாலமான ஏரோபிரிட்ஜை நோக்கி நகர்ந்தது. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. யாரோ ஒரு குழந்தை கையாட்டியது. நாகராஜன் சார் அதிகாரியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பத்து.

பிறகு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தனபாலின் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"நிறுத்துய்யா!"

"மட்டை ஜீப்புல கீது சார்!"

"இருக்கறதைத் தூக்குய்யா!"

தலைக்கு மேல் தேங்காய் மூடிகள் குறுக்காக எழுந்தன. விமானம் மூக்கை ஒரு முறை தாழ்த்தி நிமிர்த்தி நின்றது. இன்ஜினுக்கும் ஏரோபிரிட்ஜுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், கொஞ்சம் ஒல்லியான ஆள். பைலட் சற்று யோசித்து, சல்யூட் வைத்தார். தனபால் மூடியோடு பதில் வைத்தார்.

தூரத்தில் இருக்கும்வரை கதிர் கண்ணாடியின் மேல்பகுதி வழியே போயிருக்கிறது. விமானம் நெருங்க நெருங்க, மூக்கைப் பார்க்கக் கீழே சாய்ந்திருக்கிறது. சாய்ந்த இடத்தில் சந்தனம்.

நாகராஜன் சார் ஏணியில் ஏறிக் கைக்குட்டையால் துடைத்தார். அதிகாரி கைக்குட்டையையும் தேங்காய் மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "அடுத்த வாரம். பூஜை இல்லாம" என்றார்.

மாம்பலம் வரை ரயிலில் சார் அந்தச் சிவந்த கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தார். "ஆத்துல கேட்டா, சோதனைய தள்ளி வெச்சுட்டான்னு சொல்லிடு" என்றார். அவர் வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது; சரி என்றேன்.

அடுத்த வாரம் எண்கள் கடைசிவரை இறங்கின. தனபால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்போதெல்லாம் விமானத்தில் வந்து இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மட்டையோடு முன்னால் நிற்க ஆள் இல்லை. பலகை எண்ணிச் சொல்கிறது, விமானம் நிற்கிறது. பலகைக்கு எந்த பைலட்டும் சல்யூட் வைத்து நான் பார்த்ததில்லை...

போன மாதம் விமானத்துக்காகக் காத்திருந்தபோது, எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி ஒரு மெஷின் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. முதுகின் நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம்.